மாரி ஓய்ந்தபின் வானொலி இரைகிறதா? அன்ரெனாவைக் கீழிருந்து மேலாகச் சோதிக்கும் முறை

ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் மழையும் வாடைக்காற்றும் ஓய்ந்து, நெல் அறுவடை தொடங்கும் நாட்களில்தான் வன்னியில் பல வீடுகளில் வானொலிப் பெட்டியைப் பற்றிய முறைப்பாடு எழும். மாரிக்கு முன் தெளிவாகக் கேட்ட நிலையம் இப்போது இரைகிறது. காற்று அடிக்கும்போது வந்து வந்து போகிறது. அல்லது அடியோடு இல்லை. பெட்டி பழுதென்று முடிவுகட்டிப் புதியதை வாங்கப் புறப்படுவோர் உண்டு. ஆனால் வெளியில் அன்ரெனா கட்டியுள்ள வீடுகளில், மழைக்குப்பின் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்டியை அல்ல. வெயிலிலும் மழையிலும் கிடந்த மூட்டுகளையும், கேபிளுக்குள் இறங்கிய தண்ணீரையும், காற்றில் திரும்பிய கம்பத்தையும்தான். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரு திருகாணிச்சாவியும், ஒரு கத்தியும், ஒரு மல்ரிமீற்றரும் இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

சோதிக்கும் ஒழுங்குதான் முக்கியம். கம்பத்தின் உச்சியிலிருந்து தொடங்கினால் வீணாக ஏறி இறங்க நேரிடும். விழுந்து கால் முறியவும் கூடும். பெட்டியிலிருந்து தொடங்கி, கேபிள் வழியாக, கடைசியில்தான் கம்பத்துக்குப் போக வேண்டும். நெடுங்கேணியையும் அதைச் சூழ்ந்த வவுனியா வடக்கு, முல்லைத்தீவுக் கிராமங்களையும் மனதில் வைத்து அந்த ஒழுங்கை இங்கே படிப்படியாகத் தருகிறோம்.

ஏன் இப்போதே பார்க்க வேண்டும்?

கைத்தொலைபேசியில் எல்லாம் வரும் காலத்தில் வானொலி எதற்கு என்ற கேள்விக்கு, 2025 நவம்பர் 28 அன்று இலங்கையில் கரையைக் கடந்த டித்வா புயல் பதில் சொல்லிவிட்டது. 600இற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த அந்த அனர்த்தத்தில், நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசிச் சேவையும் ஒருசேரத் தடைப்பட்டன. தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரி தீர்ந்தாலோ, கோபுரங்களை இணைக்கும் கேபிள் அறுந்தாலோ, கையில் உள்ள போன் வெறும் விளக்காகிவிடும். பற்றரியில் இயங்கும் வானொலிக்கு அந்தத் தொடர்பு தேவையில்லை. தொலைவில் உள்ள ஒலிபரப்புக் கோபுரம் இயங்கினால் போதும்.

இது புதிய அனுபவமும் அல்ல. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியின் ஊடாகவே மேற்கு நோக்கி நகர்ந்தது. அதற்கும் முன், போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை என்றிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்ட தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. ஆகவே இன்று வன்னியில் அவசரச் செய்தி கேட்க எஞ்சியிருப்பவை பெரும்பாலும் உள்நாட்டுப் பண்பலை நிலையங்களும், கடல் கடந்து வரும் தமிழ்நாட்டு மத்திய அலை நிலையங்களுமே. இரண்டுக்கும் நல்ல அன்ரெனா வேண்டும்.

அடுத்த புயல் வருகிறதென்று அறிவித்தபின் கம்பத்தில் ஏற முடியாது. மழை ஓய்ந்து, பங்குனி சித்திரை இடிமின்னல் தொடங்குவதற்கு முன் உள்ள இந்த இடைவெளியே அதற்கு உகந்த காலம்.

தொடுவதற்கு முன்

நான்கு விடயங்களைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

முதலாவது, மின்கம்பி. புயலில் சாய்ந்த அன்ரெனாக் கம்பம் மின்சார சபையின் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தாலோ, அறுந்த மின்கம்பி கம்பத்தின் மீதோ கூரைத் தகரத்தின் மீதோ கிடந்தாலோ, எதையும் தொட வேண்டாம். கரண்ட் இல்லாத நேரம் என்றாலும் தொட வேண்டாம். எந்த நொடியிலும் அது திரும்பி வரலாம். அயலில் யாராவது ஜெனரேற்றரைத் தவறாக இணைத்திருந்தாலும் கம்பியில் மின்சாரம் ஓடும். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு விலகியிருக்க வேண்டும். கிராம வீதிகளை ஒட்டிச் செல்லும் 33,000 வோல்ற் கம்பிகளின் அருகே, இரும்புக் குழாயை நிமிர்த்துவதே உயிராபத்து. குழாயின் நீளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தூரம் மின்கம்பியிலிருந்து விலகித்தான் கம்பம் நிற்க வேண்டும். 20 அடிக் குழாய் என்றால் 30 அடி. குழாயில் இன்சுலேசன் ரேப் சுற்றிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு.

இரண்டாவது, மின்னல். இடி கேட்கும் நாளில் அன்ரெனா வேலை இல்லை. மின்னல் வெட்டியதற்கும் இடி கேட்டதற்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்று பொருள். அந்தத் தூரத்திலிருந்து அடுத்த மின்னல் உங்கள் முற்றத்தில் விழலாம்.

மூன்றாவது, நிலம். கம்பத்துக்குப் புதிய குழி தோண்டுவதானால் ஏற்கெனவே புழங்கும் வளவுக்குள், தெரிந்த இடத்திலேயே தோண்டுங்கள். கண்ணிவெடித் தடைச் சாசனத்தின்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்க இலங்கைக்கு உள்ள கெடு 2028. வெள்ளம் மண்ணை அரித்த காணிகளில் பழைய வெடிபொருள் வெளித்தெரியவோ இடம்மாறவோ கூடும். சந்தேகத்துக்குரிய பொருள் தென்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸாரின் 119 இலக்கத்துக்கோ சொல்லுங்கள்.

நான்காவது, ஈரம். மழையில் ஊறிய கப்புத்தடி வெளியே உறுதியாகத் தோன்றி, மண்ணுக்குள் கறையான் தின்றதாக இருக்கும். இரும்புக் குழாய் மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். சுத்தியலால் அடியிலிருந்து மேலே தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தையாக ஒலித்தால் உள்ளே அரித்திருக்கிறது. அப்படிப்பட்ட கம்பத்தில் ஏணி சாத்தக் கூடாது.

படி 1: நிலையமா, நம் வீடா?

புயலுக்குப்பின் சில வாரங்கள் அஞ்சல் கோபுரங்கள் குறைந்த வலுவில் இயங்குவதும், இடைக்கிடை நிற்பதும் உண்டு. எனவே அயல்வீட்டுப் பெட்டியிலோ, முச்சக்கர வண்டியிலுள்ள வானொலியிலோ அதே நிலையம் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். அங்கும் இரைந்தால் பழுது நிலையத்தின் பக்கம். அங்கே தெளிவாகவும் இங்கே மோசமாகவும் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். எல்லா நிலையங்களும் கெட்டிருக்கின்றனவா, ஒன்று மட்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அன்ரெனா திசை மாறியிருக்கலாம். எல்லாம் கெட்டிருந்தால் மூட்டோ கேபிளோ.

படி 2: பெட்டி

வெளி அன்ரெனாவைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பற்றரியில் மட்டும் இயக்கி, அதன் இழுவைக் கம்பியை முழுதாக நீட்டி முற்றத்தில் வைத்துப் பாருங்கள். ஓரளவாவது நிலையம் கேட்டால் பெட்டியில் குற்றமில்லை.

கேட்காவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, இழுவைக் கம்பியின் அடியில் உள்ள திருகாணி. கம்பியை அசைக்கும்போது ஒலி வெட்டி வெட்டி வந்தால் அந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது, அல்லது அதற்கு ஈயம் பிடித்த வயர் விட்டிருக்கிறது. மற்றையது, பற்றரி உட்காரும் இடம். மாரி முழுதும் பற்றரியைக் கழற்றாமல் வைத்திருந்தால் முனைகளில் வெள்ளைப் பொடியோ பச்சையோ படிந்திருக்கும். அல்கலைன் பற்றரி கசிந்த வெள்ளைப் பொடி என்றால், பஞ்சில் சில துளி தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைத்து, பின் ஈரத்துணியால் ஒற்றி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். துரு என்றால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

படி 3: இரைச்சல் வீட்டுக்குள்ளிருந்து வருகிறதா?

பெட்டி பற்றரியில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது, அன்ரெனாவில் அல்ல. மீண்டும் மெயினைப் போட்டு, ஒவ்வொரு பொருளாக நிறுத்திப் பாருங்கள். மலிவான எல்.ஈ.டி. குமிழ், போன் சார்ஜர், சோலார் தட்டுக்கும் பற்றரிக்கும் இடையே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, இன்வேர்ட்டர் ஆகியவைதான் வழக்கமாகச் சிக்கும். பகலில் வெயில் ஏறும்போது இரைச்சல் கூடி, மாலையில் தானாக நின்றால் சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். வானொலியையும் அதன் கேபிளையும் அவற்றிலிருந்து சில மீற்றர் தள்ளிவைத்தாலே பெரும் மாற்றம் தெரியும்.

வன்னிக் கிராமங்களுக்கென்று தனியான ஓர் இரைச்சலும் உண்டு. மத்திய அலையில் வினாடிக்கு ஒன்று என்ற அளவில் "டிக், டிக்" என்று ஒழுங்காகக் கேட்டால், அது யானை மின்வேலியின் துடிப்பு. வேலி நல்ல நிலையில் இருக்கும்போது இது மெல்லியதாகவே கேட்கும். மாரியில் வளர்ந்த புல்லும் கொடியும் வேலிக் கம்பியைத் தொடும்போதும், கம்பி மூட்டுகள் தளரும்போதும் அங்கே பொறி பறந்து இரைச்சல் பெருகும். அதாவது உங்கள் வானொலி, வேலி வலுவிழந்திருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. வேலியை நீங்கள் தொடாமல், அதைப் பராமரிப்பவர்களுக்கு அறிவியுங்கள். வானொலியை விட வயலுக்கும் உயிருக்கும் அது அவசரமான செய்தி.

ஒழுங்கற்று "ஸ்ஸ்ர்ர்" என்று இரைந்து, மழை பெய்தால் மாறும் ஒலி, மின்கம்பத்தில் வெடித்த பீங்கானாகவோ தளர்ந்த இணைப்பாகவோ இருக்கலாம். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியோரம் நடந்தால் எந்தக் கம்பத்தருகே உச்சமாகிறது என்று தெரியும். அந்தக் கம்பத்தின் இலக்கத்தைச் சொல்லி 1987இற்கு முறையிடலாம்.

படி 4: கேபிள்

இதுவரை குற்றம் அகப்படவில்லை என்றால் கேபிளுக்கு வருவோம். ரி.வி. அன்ரெனாவுக்குப் போடும் வட்டக் கேபிளையே பெரும்பாலானோர் வானொலிக்கும் பயன்படுத்துகின்றனர். அதன் நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக். அதற்கு மேல் வலைப்பின்னல் கம்பி. வெளியே கறுப்பு அல்லது வெள்ளை உறை. இந்தக் கேபிளுக்குப் பெரும் எதிரி தண்ணீர். மேல்முனையில் மூடாமல் விட்ட வெட்டுவாய் வழியாக மழைநீர் இறங்கி, விளக்குத்திரியில் எண்ணெய் ஊறுவதுபோல் வலைப்பின்னல் வழியே மீற்றர் கணக்கில் ஊறிவிடும். வெளிப்பார்வைக்குக் கேபிள் புதிதுபோலவே இருக்கும்.

கீழ்முனையில் பிளக்கைக் கழற்றி, உறையை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். வலைப்பின்னல் பளபளப்பாக இருந்தால் நல்லது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் அந்த இடம்வரை வந்திருக்கிறது. இன்னும் ஓரடி வெட்டிப் பாருங்கள். அங்கும் கறுப்பே என்றால் முழுக் கேபிளையும் மாற்றுவதே வழி. ஊறிய கேபிளை வெயிலில் போட்டால் ஈரம் காயலாம், அரிப்பு மீளாது.

பார்வைக்கு நன்றாக இருந்தால் மல்ரிமீற்றரை ஓம் அளவையில் வைத்து இரண்டு சோதனைகள் செய்யுங்கள்.

முதற் சோதனை: கேபிளின் இரு முனைகளையும் பெட்டியிலிருந்தும் அன்ரெனாவிலிருந்தும் கழற்றிவிட்டு, நடுக்கம்பிக்கும் வலைப்பின்னலுக்கும் இடையே அளக்க வேண்டும். எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது ஓர் எண் காட்டினால் உள்ளே தண்ணீர் அல்லது முட்டு இருக்கிறது.

இரண்டாவது சோதனை: மேல்முனையில் நடுக்கம்பியையும் வலைப்பின்னலையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, கீழே அளக்க வேண்டும். 15 மீற்றர் கேபிளுக்குச் சில ஓம் மட்டுமே காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. குரங்கு பிடித்துத் தொங்கிய இடம், கூரைத் தகரத்தின் விளிம்பு உரசிய இடம், அணில் கடித்த இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அன்ரெனாவைக் கழற்றாமலே கீழே அளந்தால் குழப்பம் வரும். வளையமாக மடித்த கம்பியுள்ள அன்ரெனாவில், நல்ல நிலையிலும் மீற்றர் சுழியத்தை ஒட்டியே காட்டும். அது பழுதல்ல, அதன் அமைப்பு அப்படி. நடுவில் பிரிந்த இரண்டு நேர்க்கைகள் உள்ள அன்ரெனாவிலோ எதுவும் காட்டாது. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டே முடிவுக்கு வர வேண்டும்.

படி 5: கம்பத்தின் உச்சி

இப்போதுதான் மேலே போக வேண்டும். முடிந்தால் ஏறாமல், கம்பத்தைப் பிடிகழற்றி இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கீழே சாய்த்துப் பாருங்கள்.

அங்கே பார்க்க வேண்டிய முதல் இடம், கேபிள் அன்ரெனாவில் பூட்டப்படும் முனை. செப்புக் கம்பியை நேரடியாக அலுமினியக் குழாயில் சுற்றித் திருகியிருந்தால், மழைநீர் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். செப்பில் பச்சையும் அலுமினியத்தில் வெண்பொடியும் அதன் அடையாளம். அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. காற்றில் கைகள் ஆடும்போது நிலையம் வந்து போவதற்கு இதுவே முதற்காரணம். முல்லைத்தீவுக் கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்கும். திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, கம்பி முனைக்கு வளையப் பிடி போட்டு, செப்பும் அலுமினியமும் நேரே தொடாதபடி நடுவில் துருப்பிடியாத உருக்கு வளையம் ஒன்றை வைத்துப் பூட்டுங்கள்.

இரண்டாவது, கைகள். மயில் வந்து உட்கார்ந்தும் குரங்கு பாய்ந்தும் வளைந்த கைகளை நிமிர்த்தலாம். முறிந்த கையை ரேப் சுற்றி ஒட்டவைப்பதில் பயனில்லை. மூன்றாவது, பிளாஸ்ரிக் பெட்டி. கேபிள் பூட்டும் சிறு பெட்டிக்குள் குளவிக்கூடும் எறும்புப் புற்றும் ஈரமண்ணும் அடைத்திருக்கும். திறந்து துப்புரவாக்கி, அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: திசை

காற்றில் கம்பம் திரும்பியிருந்தால் எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் நிலையம் மங்கும். நெடுங்கேணியிலிருந்து பார்த்தால், 2011 ஜூனில் திறக்கப்பட்ட 174 மீற்றர் உயரமான கொக்காவில் கோபுரம் வடமேற்கே, நேர்கோட்டில் 40 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கிறது. வவுனியா நகரம் தென்மேற்கே. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. 174 மீற்றர் உயரத்திலிருந்து வரும் அலை, சமதரையில் 60 கிலோமீற்றர் வரை தொடுவானத்தைத் தாண்டாது வரக்கூடியது. ஆகவே நம் பகுதியில் சிக்கல் தூரமல்ல. இடையில் உள்ள காடும் வீட்டைச் சுற்றிய மரங்களும்தான். மாரியில் தழைத்து ஈரமாக நிற்கும் இலைகள் அலையை உறிஞ்சும். அன்ரெனா கூரையையும் பக்கத்து மரக்கிளையையும் தாண்டி நிற்பதே போதும். அதற்கு மேல் உயர்த்துவது காற்றுக்கும் மின்னலுக்கும் கொடுக்கும் அழைப்பு.

இரண்டு கைகள் உள்ள எளிய அன்ரெனா தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையையே நன்றாக வாங்கும். கைகளின் நுனி காட்டும் திசையில் மந்தமாக இருக்கும். வடமேற்கிலிருந்து வரும் நிலையத்துக்குக் கைகள் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்க வேண்டும். ஒருவர் கீழே பெட்டியைக் கேட்க, மற்றவர் மெதுவாகத் திருப்பி, சிறந்த நிலையில் பூட்டுங்கள். கைகளைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் பார்த்து எது தெளிவோ அதை வைத்துக்கொள்ளலாம்.

முறிந்துபோயிருந்தால்: வீட்டிலேயே ஒன்று

அன்ரெனா முற்றாக முறிந்திருந்தால் புதியது வாங்கும்வரை, ஏன் அதற்குப் பின்னும், வீட்டில் செய்தது போதும். கணக்கு எளிது: 143ஐ நிலையத்தின் மெகாஹேர்ட்ஸ் எண்ணால் பிரித்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும். அதன் பாதி ஒரு கையின் நீளம்.

- 90 மெகாஹேர்ட்ஸ்: ஒரு கை 79 சென்ரிமீற்றர்
- 100 மெகாஹேர்ட்ஸ்: ஒரு கை 71 சென்ரிமீற்றர்
- 105 மெகாஹேர்ட்ஸ்: ஒரு கை 68 சென்ரிமீற்றர்

எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக 72 சென்ரிமீற்றர் வைத்தால் சரி. வீட்டு வயரிங்குக்குப் போடும் செப்புக் கம்பியோ சிறு அலுமினியக் குழாயோ போதும். இரண்டு கைகளையும் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டில், நடுவில் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பூட்டி, ஒரு கையில் கேபிளின் நடுக்கம்பியையும் மற்றக் கையில் வலைப்பின்னலையும் இணையுங்கள். பெட்டியில் வெளி அன்ரெனாத் துளை இல்லையென்றால், நடுக்கம்பியை இழுவைக் கம்பியில் முதலைப்பிடியால் கவ்வ வைக்கலாம்.

மத்திய அலை கேட்போருக்கு

தூத்துக்குடி (1053 கிலோஹேர்ட்ஸ்), திருச்சி (936 கிலோஹேர்ட்ஸ்) போன்ற தமிழ்நாட்டு நிலையங்களை நெடுங்காலமாகக் கேட்டுவருவோர் இங்கே பலர். மத்திய அலைக்கு இழுவைக் கம்பி உதவாது. பெட்டிக்குள் கிடக்கும் கறுப்புப் பெரைற் கோல்தான் அன்ரெனா. அது பெரும்பாலும் பெட்டியின் நீளப்பக்கமாகக் கிடக்கும். தன் பக்கவாட்டுத் திசையையே நன்றாகக் கேட்கும். தூத்துக்குடி நமக்கு மேற்கே. ஆகவே பெட்டியின் முகமோ முதுகோ மேற்கைப் பார்க்க வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் அலை தடைப்படும், விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள்.

வெளியே 10 முதல் 15 மீற்றர் வயர் இழுத்துக் கட்டியிருந்தால், மாரிக்குப்பின் இரண்டைப் பாருங்கள். வயர் ஈரமரத்தையோ சுவரையோ தொடக் கூடாது. இரு முனைகளிலும் நைலோன் கயிறோ பிளாஸ்ரிக் துண்டோ இடையில் இருக்க வேண்டும். மரம் ஆடும்போது அறாமலிருக்க வயரைச் சற்றுத் தொய்வாக விட வேண்டும். பெட்டியில் இணைக்க இடமில்லாவிட்டால் வயரின் முனையைப் பெட்டியைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கடைசி நுனியை ஈரமண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டினால் நல்ல மாற்றம் தெரியும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ இந்த வயரை ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது.

மீண்டும் தண்ணீர் ஏறாமலிருக்க

பழுதைத் திருத்துவதை விட, அது அடுத்த மாரிக்கும் தாங்கும்படி மூடுவதே முக்கியம்.

சாதாரண இன்சுலேசன் ரேப் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குல அகல நாடாவாக வெட்டி, நன்றாக இழுத்துப் பிடித்து, மூட்டின் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று பாதி படும்படி சுற்றுங்கள். ஓட்டுக்கூரை வேய்வது போன்ற ஒழுங்கு இது. மேலிருந்து வரும் நீர் இடுக்கில் புகாமல் வழிந்துவிடும். அதற்கு மேல் ரேப் சுற்றினால் ரியூப்பை வெயில் தாக்காது. சிலிக்கன் பசை பூசுவதானால், வினாகிரி மணம் வீசுவதை வாங்க வேண்டாம். அந்த அமிலம் செப்பை அரிக்கும்.

கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில், துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, பின் மேலேறி உள்ளே போகும்படி வளைத்து விடுங்கள். கேபிள் வழியே வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் வராது.

கம்பத்துக்கு மூன்று திசையிலும் இழுகம்பி கட்டுங்கள். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடித்தால், வைகாசிக்குப்பின் சோளகம் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கட்டிய கம்பம் ஓராண்டுகூட நேராக நிற்காது. இரும்புக் கம்பத்தின் அடியைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தில் அடித்த எர்த் கம்பியுடன் இணையுங்கள். அது மின்னலிடமிருந்து முழுக் காப்பல்ல. இடி கேட்கும் முன்பே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே விடுவதுதான் உண்மையான காப்பு.

அறிகுறியும் காரணமும் ஒரே பார்வையில்

- காற்றடிக்கும்போது வந்து போகிறது: உச்சி மூட்டில் அரிப்பு, தளர்ந்த திருகாணி
- மழை பெய்தபின் மங்கி, வெயிலில் தெளிகிறது: கேபிளுக்குள் தண்ணீர்
- ஒரு நிலையம் மட்டும் மங்கல்: திசை மாற்றம், அல்லது நிலையத்தின் பழுது
- எல்லாமே ஒரேயடியாக இல்லை: கேபிள் அறுப்பு, முட்டு, பிளக்
- பகலில் மட்டும் இரைச்சல்: சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி
- ஒழுங்கான "டிக், டிக்": யானை மின்வேலி
- பெட்டியைத் தொட்டால் ஒலி மாறுகிறது: இழுவைக் கம்பியின் அடித் திருகாணி

எப்போது எதைச் செய்வது?

தை, மாசியில் மேலே சொன்ன முழுச் சோதனை. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமின்னல் நாட்களில் கேபிளைக் கழற்றிவைக்கும் பழக்கம். ஆவணி, புரட்டாதியில் இழுகம்பிகளை இறுக்கி, அன்ரெனாவை முட்டும் கிளைகளை வெட்டுதல். ஐப்பசி பிறக்குமுன் புதிய பற்றரி வாங்கி, பெட்டிக்குள் போடாமல், உலர்ந்த போத்தலில் தனியாக வைத்தல். வழக்கமாகக் கேட்கும் நிலையங்களின் அலைவரிசை எண்களை எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டிவிட்டால், இருட்டில் முள்ளைத் திருப்பித் தேட வேண்டியதில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, நோயாளர் காவு வண்டிக்கான 1990 ஆகிய இலக்கங்களையும் அதன் கீழே எழுதிவையுங்கள்.

ஒரு தெருவில் ஒரு வீட்டிலாவது நன்றாகக் கேட்கும் வானொலி இருந்தால், குளம் வான்பாய்கிறதா, எந்த வீதி மூடியிருக்கிறது, காற்று எப்போது திரும்பும் என்ற செய்தி அந்தத் தெரு முழுவதற்கும் போய்ச்சேரும். தனியே வாழும் முதியவர்களின் வீடுகளில் அன்ரெனாவைப் பார்த்துக் கொடுப்பது இளையோருக்கு அரைநாள் வேலை. அடுத்த கார்த்திகைக்கு இன்னும் காலம் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது.